தூக்கட்டுமா அக்கா

எங்கள் காப்பகத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தூக்கட்டுமா அக்கா. வைத்தவன் நான்தான். பெண்களே வேலை பார்க்கும் இடத்தில் ஒற்றை ஆண்பிள்ளையாக அடுப்படியில் கிடக்கிறவன், ஆளுக்கொரு பெயர் வைத்துத்தான் பொழுதைப் போக்க வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் டயபர் மாற்றிவிடுகிற இன்னொரு ஆயாவுக்குப் புயல் என்று வைத்தேன். எனக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. முகத்துக்கு நேரே அண்ணே என்று கூப்பிட்டார்கள், அது போதும்.

என் சமையலறைக்கும் கைக்குழந்தைகள் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். பால் பாட்டில்களையும் மசித்த காய்கறிக் கிண்ணங்களையும் அந்த வழியாகத்தான் நீட்டுவேன். அந்தப் பக்கம் மெத்தென்ற பாய் விரித்த தரை, சுவரோரம் வரிசையாக மரத் தொட்டில்கள், மூலையில் துணி மாற்றுகிற உயரமான மேஜை. நடக்கத் தெரியாத குழந்தைகள் மட்டும் அங்கே. காலையில் பெற்றவர்கள் அரக்கப் பரக்க வந்து கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். சாயந்திரம் அதே ஓட்டமாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். நடுவில் நடப்பதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல் வழியே தெரியும்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள், ஒரு பெண்குழந்தை பாயில் கிடந்து சிணுங்கியது. அவள் போய் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் விரித்து அதற்குத் தெரிகிற மாதிரி நீட்டினாள்.

"உங்களுக்கு ஈரமாயிடுச்சு போலிருக்கு. துணி மாத்திடலாம். தூக்கட்டுமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பல்கூட முளைக்காத குழந்தையிடம். அதிலும் நீங்க, வாங்க என்று மரியாதை வேறு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அது பதில் சொல்றதுக்குள்ள அதுக்குக் கல்யாண வயசு வந்துடும்."

அவள் திரும்பவில்லை. குழந்தை அவள் கைகளைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மறுபடி கைகளைப் பார்த்தது. பிறகு நெஞ்சை லேசாக எக்கியது. "சரி, வாங்க" என்று அப்போதுதான் தூக்கினாள். என் ஜன்னலைக் கடந்து போகும்போது, "பதில் சொல்லிட்டாங்க அண்ணே, நீங்கதான் பாக்கல" என்றாள். அடுப்பில் ஏதோ பொங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு திரும்பிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் அப்படித்தான். காலைத் தூக்குவதற்கு முன்னால், "இப்ப காலைத் தூக்கப் போறேன். துடைக்கிற துணி கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், கோவிச்சுக்காதீங்க" என்பாள். மூக்கைத் துடைக்கப் பின்னாலிருந்து கையைக் கொண்டு போகவே மாட்டாள். முன்னால் வந்து, துணியைக் காட்டி, அப்புறம்தான். கரண்டியை வாயருகில் பிடித்துக்கொண்டு, குழந்தை தானாக வாய் திறக்கிற வரை அசையாமல் இருப்பாள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் மசித்துக் கொடுத்தது ஆறிப்போகிறதே என்ற எரிச்சல்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புயல் ஊட்டும்போது பாதி கழுத்துத் துணிக்குப் போகும். இவள் ஊட்டினால் கிண்ணம் வழித்து நக்கின மாதிரி திரும்பி வரும். சமையல்காரனுக்கு அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

புயலைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், கை நிறைய வேலை. "பெத்தவளுக்கெல்லாம் இவ்வளவு சொகுசு கிடையாதுப்பா. தூக்கினோமா, கழுவினோமான்னு போயிட்டே இருக்கணும்" என்பாள். அந்தப் 'பெத்தவளுக்கு' என்ற வார்த்தை எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தும். தூக்கட்டுமா அக்காவுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. தம்பி வீட்டில் இருந்தாள். கூடத்தில் ஒரு ஓரமாகப் படுக்கை, அலமாரியில் ஒரு தட்டு, அவ்வளவுதான் அவளுடைய இடம். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள்.

அந்தச் சாய்வின் கதையை ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். சின்ன வயதில் இடுப்பெலும்பில் ஏதோ கோளாறு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடத்திவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் பேசாமல் போர்வையை விலக்குவார்கள், புரட்டுவார்கள், ஊசி போடுவார்கள், தங்களுக்குள் வீட்டுக் கதை பேசிக்கொண்டே போய்விடுவார்கள். தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தால் யாருடைய கையோ உடம்பின் மேல் இருக்கும்.

"பெருக்க வர்ற ஒருத்தர் மட்டும், கட்டிலுக்கு அடியில பெருக்கறதுக்கு முன்னாடி கட்டில் காலைத் தட்டுவாரு அண்ணே. 'உள்ள வரட்டுமா பாப்பா?'ன்னு கேப்பாரு. என்னைத் தொடறதுக்குக் கூட இல்ல, என் கட்டிலுக்கு அடியில வர்றதுக்கு. அந்த ஒரு ஆளுக்காகவே நான் தினமும் முழிச்சுக் கிடப்பேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அதற்கப்புறம் அவள் குழந்தைகளிடம் பேசுவதைப் பார்த்து நான் சிரித்ததில்லை. கிண்டல் செய்வதை மட்டும் விடவில்லை, அது என் வாய்க்கொழுப்பு.

துரை வந்தது அந்தச் சமயத்தில்தான்.

துரை என்பதும் நான் வைத்த பெயர்தான். அந்த ஆண்குழந்தை குறைமாதத்தில் பிறந்து, பிறந்த நாள் முதல் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, மூக்கில் குழாய், கையில் ஊசி, குதிகாலில் ஊசி என்று பட்டுத் தேறி வந்த பிள்ளை. அம்மாவுக்கு ஆபீஸ் வேலை, இனிமேல் லீவு கிடையாது. அப்பா வெளியூரில் வேலை பார்க்கிற மனிதர், எப்போதாவதுதான் வருவார். பிள்ளையைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் ஒரு கை பக்கத்தில் வந்தால் போதும், முதுகை வில்லாக வளைத்து, கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொள்வான். அப்புறம் வீறிட்டு ஓர் அழுகை. யார் தூக்கினாலும் அப்படி, பெற்றவள் தூக்கினாலும் அப்படி. அந்தப் பெண் முதல் நாள் பிள்ளையைக் கொடுக்கும்போது, "எங்கிட்டயும் இப்படித்தான் பண்றான்" என்று சொல்லிவிட்டு, அழுகை வந்துவிடுமோ என்று பையைத் துழாவிக்கொண்டு நின்றாள்.

புயல் ஒரே நாளில் கையை விரித்துவிட்டாள். "இது பிள்ளை இல்லப்பா, மரக்கட்டை." தூக்கட்டுமா அக்கா, "என்கிட்ட விடுங்க" என்றாள்.

பல வாரம் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவனுக்கு எதிரே உட்காருவாள். தொடமாட்டாள். கைகளை விரித்துக் காட்டுவாள். "இதுல ஒண்ணும் இல்ல பாருங்க. ஊசி இல்ல, குழாய் இல்ல. வெறும் கை." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். பாலுக்கும் துணி மாற்றவும் தூக்கித்தான் ஆகவேண்டும், பட்டினி போட முடியுமா? அப்போதும் சொல்லிவிட்டுத்தான் தூக்குவாள். அவன் விறைப்பான், கத்துவான். "தெரியுது, உங்களுக்குப் பிடிக்கல. ஆனா பசிக்குதுல்ல, இதை மட்டும் முடிச்சிடலாம்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசிக்கொண்டே இருப்பாள். "துரை என்ன சொல்றாரு? மனு ஏத்துக்கிட்டாரா?" என்று நான் ஜன்னலில் கேட்பேன். "பரிசீலனையில இருக்கு" என்பாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கண்ணை மூடுவதை விட்டான். கை நெருங்கும்போது அதையே பார்ப்பான். ஒருநாள் அவளுடைய சுண்டுவிரலைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அன்று முழுக்க அவள் வேலை செய்யவில்லை, மிதந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. மத்தியானத் தூக்கம் கலைந்து துரை பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தான். அவள் ஓடி வந்து எதிரே உட்கார்ந்தாள், கைகளை நீட்டினாள், கேட்டாள். அவன் அழுதுகொண்டே பார்த்தான். அவள் காத்திருந்தாள். நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். அவன் அழுகைக்கு நடுவில் மூச்சு வாங்கினான். இரண்டு கைகளையும் உயர்த்தினான், வளைந்து வளைந்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல். ஆனால் அவளை நோக்கித்தான். அவள் தூக்கியபோது அவன் விறைக்கவில்லை. கன்னத்தை அவள் தோளில் வைத்துக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க வெங்காயம்கூட அன்று கையில் இல்லை.

மறுநாள் காலையில் மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேடம்தான் காப்பகத்தை நடத்துகிறவர். அவருடைய அறைக்கு நான் டீ எடுத்துப் போனபோது, அவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் கம்ப்யூட்டரில் முந்தின நாள் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அறைக் கூரை மூலையில் ஒரு கேமரா உண்டு. பெற்றவர்கள் எங்கிருந்தாலும் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் காப்பகத்தின் பெருமை. வெளியூரிலிருந்து துரையின் அப்பா பார்த்திருக்கிறார்.

அந்தக் கேமராவில் சத்தம் வராது. படம் மட்டும்தான்.

நான் ட்ரேயைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். பாயில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. ஒரு பெண் வந்து அதன் முன்னால் உட்காருகிறாள். அவள் முதுகு கேமராவுக்கு நேராக இருக்கிறது. உட்கார்ந்ததும் குழந்தை அந்த முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, இரண்டு பிஞ்சுக் கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டு தெரிகின்றன. அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தே இருக்கிறாள். பிறகு ஒருவழியாகத் தூக்குகிறாள். அவ்வளவுதான். அவள் கேட்டதும் இல்லை, அவன் கை உயர்த்தியதும் இல்லை. நான் கண்ணால் பார்த்த அதே விஷயம், இதில் வேறு ஏதோ ஈவிரக்கமில்லாத காரியமாக இருந்தது.

"என் பிள்ளை கதறுறான், இவங்க எதிர்ல உக்காந்து வேடிக்கை பாக்குறாங்கன்னு அவர் சொல்றாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார் மேடம்.

"மேடம், நான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். அவரு கையைத் தூக்கினாரு. முதல் தடவையா."

"யாரு?"

"துரை... அந்தக் குழந்தைதான்."

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரும் மோசமானவர் இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்தினால் அதைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் நிறுத்தும், அந்தப் பயம் அவருக்கு.

நான் சும்மா இருக்க மாட்டாமல் வாயைத் திறந்தேன். "மேடம், நான் பாத்தேன். அந்தப் பிள்ளை நிஜமாவே கை தூக்கினான். இவங்க முதுகு மறைக்குது, அதான் தெரியல."

"அண்ணே, நீங்க டீயை வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். சமையல்காரன் சாட்சி எந்தச் சபையில் எடுபட்டிருக்கிறது? பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டுக் கழுவினேன், அதுதான் என்னால் முடிந்தது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த அப்பாவையும் என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்த மனிதர், இப்போதும் போன் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறார். அவருடைய பிள்ளை அவரைப் பார்த்துக் கை தூக்கியதில்லை.

அவளைத் துணி துவைக்கிற அறைக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, கொஞ்ச நாளைக்கு என்றார்கள். துரையைப் புயலிடம் கொடுத்தார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. புயலிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி கையை மட்டும் காட்டிடுங்க. பேசக்கூட வேணாம்."

"சரிக்கா, காட்டுறேன்" என்றாள் புயல். பாவம், முதல் நாள் ஞாபகமாகக் காட்டவும் செய்தாள். இரண்டாம் நாள் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, இன்னொன்று அதில் கையை வைத்தது, அதோடு போயிற்று. "எனக்கு என்ன பத்துக் கையா இருக்கு, ஒவ்வொருத்தருக்கா காட்டிக்கிட்டு இருக்க?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் யார் சட்டையையும் பிடிக்க முடியவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

துவைக்கிற அறை கட்டடத்தின் பின்பக்கம். அங்கிருந்து குழந்தைகள் அறை தெரியாது. இயந்திரச் சத்தத்தில் அழுகையும் கேட்காது. மத்தியானம் சாப்பிட வரும்போது என்னிடம் கேட்பாள்.

"அண்ணே, துரை இன்னைக்குக் கை தூக்கினாரா?"

தூக்கினான். அதுதான் கொடுமை. கற்றுக்கொண்டதைப் பிள்ளை மறக்கவில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் இரண்டு கைகளையும் உயர்த்துவான். புயல் வேறொரு குழந்தையைப் பார்க்கத் தாண்டிப் போவாள், உயர்த்திய கைகள் அப்படியே நிற்கும். மேடம் உள்ளே எட்டிப் பார்ப்பார், அவருக்கும் உயர்த்தினான். விளக்கு மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் ஏணியோடு நுழைந்தார், அவருக்கும் உயர்த்தினான். அந்த மனிதர் சிரித்துவிட்டு ஏணியை விரித்தார். அவனைத் தூக்க வேண்டிய நேரம் வந்தபோது புயல் பின்னாலிருந்து வந்து அக்குளில் கையைக் கொடுத்து ஒரே வீச்சில் தூக்கிக்கொண்டு போனாள். அப்போது அவன் கை கீழேதான் இருந்தது. கையை உயர்த்தினால் யாரும் வருவதில்லை, உயர்த்தாதபோது யாரோ வந்து தூக்குகிறார்கள். பிள்ளைக்கு அதிலிருந்து என்ன விளங்கியிருக்கும்?

நான் பல தடவை ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டாது. குழந்தைகள் அறைக்குள் சமையல்காரன் கால் வைக்கக் கூடாது, அது விதி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கையை மட்டும் உயர்த்தினான், அதுவும் பாதி. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. விறைப்பதும் நின்றது, அழுவதும் நின்றது. தூக்கினால் போவான், கிடத்தினால் கிடப்பான். தூக்கும்போது கண் மட்டும் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, இன்னைக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. நாலஞ்சு நாளா இல்ல." அவள் தலையாட்டினாள். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள். அன்று மடித்துக்கொடுத்த துண்டுகள் எல்லாம் கோணலும் மாணலுமாக வந்தன.

வீட்டிலும் அவளுக்கு ஆறுதல் இல்லை. தம்பி மனைவி, "அண்ணி, ஊரான் பிள்ளைக்கு ஏன் இப்படி உருகறீங்க? சம்பளம் வருதுல்ல" என்றாளாம். அன்பாகத்தான் சொல்லியிருப்பாள். தம்பி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு புயலுக்குக் காய்ச்சல் வந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. மேடம் தூக்கட்டுமா அக்காவைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் நீங்களே பாருங்க. ஒழுங்கா இருந்தா மறுபடி அங்கேயே போட்டுடறேன். ஆனா பழையபடி உக்காந்துக்கிட்டு இருக்கக் கூடாது. அழுதா உடனே தூக்கணும்" என்றார்.

அவள் என் ஜன்னலுக்கு வந்து கிசுகிசுத்தாள். இத்தனை நாள் துண்டு மடித்துக்கொண்டே யோசித்திருக்கிறாள்.

"நான் அந்தப் பக்கமா உக்காந்திருக்கணும் அண்ணே. கேமராவுக்கு என் முதுகு தெரிஞ்சுது, அதான் தப்பு. இன்னைக்கு நான் சுவர்ப் பக்கம் உக்காரப் போறேன். அவரு முகமும் கையும் நல்லாத் தெரியும். அவரு கை தூக்கறதை அவங்க அப்பா பாத்துட்டாருன்னா அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

காலையில் பிள்ளையை விட வந்த அம்மாவிடமும் சொல்லியிருந்தாள்: மத்தியானம் தூங்கி எழுகிற நேரத்தில் அவங்க அப்பாவைக் கேமராவைப் பார்க்கச் சொல்லுங்க. அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாளாம். துரை இப்போது எப்படி இருக்கிறான் என்று நான்தான் தினம் பார்க்கிறேன். "அவசரப்படாதம்மா, ரெண்டு மூணு நாள் போகட்டும்" என்றேன். "எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தானே அண்ணே குடுத்திருக்காங்க" என்றாள்.

மத்தியானம் துரை கண் விழித்தான். அழவில்லை. பாயில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவர்ப் பக்கமாகச் சுற்றிப் போய், சொன்னபடியே கேமரா பார்க்க உட்கார்ந்தாள். கைகளை விரித்தாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நான்தான். ரொம்ப நாளாச்சுல்ல. மன்னிச்சுக்கோங்க, என்னை வரவிடல. தூங்கி எழுந்தாச்சு, துணி மாத்திக்கலாம். தூக்கட்டுமா?"

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். அவளை அடையாளம் தெரிந்தது என்று நான் சத்தியம் செய்வேன். உதடு ஒரு தரம் பிதுங்கியது. அவள் காத்திருந்தாள், முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நான் சமையல்கட்டில் நின்று, "தூக்குடா ராசா, ஒரே ஒரு தடவை தூக்குடா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து, அவன் கண்ணுக்கு எதிரே வந்து மறுபடி கேட்டாள். அவன் மறுபடி திருப்பிக்கொண்டான். கையைத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

அறைக் கதவு திறந்தது. கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த மேடம் வந்து நின்றார்.

"தூக்குங்க."

"வேண்டாம்னு சொல்றாரு மேடம்."

"என்னங்க இது. துணி நனைஞ்சிருக்கு. அவங்க அப்பா பாத்துக்கிட்டு இருக்காரு. தூக்குங்க."

தூக்கியிருக்கலாம். பசித்தபோது சொல்லிவிட்டுத் தூக்கியவள்தானே. அவன் கத்தக்கூட மாட்டான். தூக்கியிருந்தால் அந்த அறை அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும், துரையும் கிடைத்திருப்பான், நாளாக ஆக எல்லாம் சரியாகியிருக்கும். நான் ஜன்னலில் நின்று, தூக்கு, தூக்கு என்று கையை ஆட்டினேன். அவளுடைய கைகள் கொஞ்சம் முன்னால் போயின. பிறகு நின்றன. மடியில் வந்து விழுந்தன.

"கேக்காமலே தூக்கியிருந்தா பரவால்ல மேடம். கேட்டுட்டேன். அவரு இல்லன்னு சொன்னப்புறம் எப்படித் தூக்கறது? கொஞ்ச நேரம் கழிச்சு வந்து கேக்கறேன்."

மேடம் முன்னால் வந்தார். குனிந்து தானே தூக்கினார். துரை போனான். மடித்து வைத்த துணியை எடுப்பது மாதிரி இருந்தது. முனகல்கூட இல்லை. மேடம் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேமராவுக்கு எதிரே நடந்தார். படத்தில் அது ரொம்ப நன்றாக வந்திருக்கும்.

சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் அவளோடு நின்றேன். எனக்கு அவள்மேல் கோபம்.

"பெரிய கொள்கை. ஒரு தடவை தூக்கித் தொலைச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"அவருக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு 'வேண்டாம்'தான் அண்ணே. அதையும் நானே எப்படிப் பிடுங்கறது?"

பஸ் வந்தது. ஏறும்போது படியில் இடது கால் தடுக்கியது. பின்னால் இருந்த ஆள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். இப்போது சோப்பு கம்பெனியில் பெட்டி கட்டுகிறாளாம். நான் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். "எப்படிம்மா இருக்கு?" என்றேன். "நல்லாருக்கு அண்ணே. சோப்புகிட்ட எதுவும் கேக்க வேண்டியதில்ல" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். துரையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்ல என்ன இருக்கிறது? அவன் அப்பாவிடமிருந்து மேடத்துக்கு நன்றி சொல்லிச் சேதி வந்தது, இப்போதுதான் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. காப்பகத்திலேயே நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்துவிட்டான். புதிதாகச் சேர்க்க வருகிறவர்களை அழைத்துக்கொண்டு மேடம் நேராக அவனிடம்தான் போவார். நேற்றும் ஓர் இளம் தாய் வந்திருந்தாள். "இவன் வந்தப்ப யார் தொட்டாலும் கத்துவான். இப்ப பாருங்க, யார்கிட்ட வேணாலும் போவான். தூக்கிப் பாருங்களேன்" என்றார் மேடம்.

நான் காரட் மசித்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தப் பெண் ஆசையாகக் குனிந்து அவனைத் தூக்கினாள். துரை போனான்.